இரண்டு பேருக்குச் சமையல்: கல்யாணத்துக்கு முன் ஆறு வாரம்

நிச்சயதார்த்தப் பந்தியில் எங்கள் பெரியம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "பொண்ணு சமைக்குமா?" பெண் சிரித்துக்கொண்டே, "சுமாரா செய்வேன் பெரியம்மா. அவரு?" என்று திருப்பிக் கேட்டாள். கொஞ்ச நேரம் அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்த சமையல் நூடுல்ஸும், ஹாஸ்டல் கெட்டிலில் அவித்த முட்டையும்.

கல்யாணம் ஆவணியில். ஆனி பாதியில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன். கல்யாணத்துக்கு அப்புறம் குடித்தனம் புதுச்சேரி முதலியார்பேட்டையில், இரண்டு பேருக்கும் வேலை. இருபது சொச்சம் கிலோமீட்டர்தான் என்றாலும் அம்மா தினமும் டிபன் கேரியர் கொடுத்தனுப்ப முடியாது. ஆடியில் விசேஷங்கள் இல்லை, சாயங்காலங்கள் காலியாக இருந்தன. அந்த ஆறு வாரத்தில் கற்றதும் கெடுத்ததும்தான் இந்த வழிகாட்டி. பெண்ணோ பையனோ, கையில் ஆறு வாரம் இருந்தால் போதும்.

தொடங்குமுன்: அளவு

வீட்டில் சமையல் கற்கப் போனால் முதலில் முட்டிக்கொள்வது அளவில்தான். "எல்லாம் கண்ணளவுதான்டா" என்பார்கள். அந்தக் கண்ணளவும் ஐந்து பேருக்கானது. நாம் சமைக்கப்போவது இரண்டு பேருக்கு. எல்லாவற்றையும் பாதி போட்டால் ஆயிற்று என்று நினைத்தால் அங்கேதான் வழுக்கும்.

புளி, பருப்பு, உப்பு, மிளகாய்த்தூள் பாதியாகும். தண்ணீர் அப்படிப் பாதியாகாது. கொதிக்கும்போது ஆவியாகிப் போவது பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது, சாப்பிடுகிற ஆட்களைப் பொறுத்தது இல்லை. அம்மாவின் அகலச் சட்டியில் இரண்டு பேருக்குக் குழம்பு வைத்தால் பத்து நிமிடத்தில் துவையலாகிவிடும். தாளிக்கிற எண்ணெயும் பாதியாகாது, கடுகு எண்ணெயில் முங்க வேண்டுமல்லவா. அதனால் முதல் நாளே சின்னப் பாத்திரங்களுக்கு மாறிவிடுங்கள்: அடுக்குப் பாத்திரம் உள்ளே போகிற மாதிரி உயரமான 3 லிட்டர் குக்கர், ஒன்றரை லிட்டர் பிடிக்கும் குழம்புச் சட்டி, சின்ன இரும்புக் கடாய், தாளிப்புக் கரண்டி. எப்படியும் புதுக் குடித்தனத்துக்கு வாங்கப்போகிற சாமான்தான், இரண்டு மாதம் முன்னாலேயே வாங்கிப் பழகுங்கள்.

அளக்க ஒரே ஆழாக்கு, ஒரே டீஸ்பூன். இரண்டையும் கடைசி வரை மாற்றாதீர்கள். ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. எது இருந்தாலும் சரி, நாளுக்கொரு டம்ளரை எடுக்காமல் இருந்தால் போதும்.

உப்புக்கு நான் செய்தது இது. அம்மா கையில் உப்பை எடுத்ததும் குழம்பில் போட விடாமல் தட்டில் போடச் சொன்னேன். ஸ்பூனால் அளந்து எழுதிக்கொண்டு அப்புறம் குழம்பில் போட்டேன். "என்னடா இது, மருந்துக் கடையா?" என்றார். மூன்று நாள் அளந்தேன். மூன்று நாளும் தலைதட்டி இரண்டு ஸ்பூன், ஒரு சிட்டிகை கூடவில்லை, குறையவில்லை. அம்மாவிடமே காட்டினேன். பார்த்துவிட்டு, "அதான் சொன்னேனே, கண்ணளவுன்னு" என்றார்.

ஒரு எச்சரிக்கை. ஒரு ஸ்பூன் கல் உப்பும் ஒரு ஸ்பூன் தூள் உப்பும் ஒன்று இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் கல் உப்பில் எடை குறைவு. மரக்காணம் பக்கம் போய்விட்டு வருகிறவர்கள் உப்பளத்து உப்பு ஒரு பை வாங்கி வருவார்கள், நல்ல உப்புதான். ஆனால் கற்கிற காலத்தில் ஒரே வகையிலேயே நில்லுங்கள். இரண்டு பேர் குழம்புக்குத் தூள் உப்பு அரை ஸ்பூனில் தொடங்குங்கள், ருசி பார்த்துக் கூட்டலாம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூள் உப்பில் அது ஒரு டீஸ்பூனுக்கும் உள்ளே. குழம்பு, ரசம், பொரியல், ஊறுகாய் என்று சாப்பிடும் நம் இலையில் அது சுலபமாகத் தாண்டிவிடும்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் இழுத்துக்கொள்ளும் என்பார்கள். கிழங்கு உப்பை மட்டும் பொறுக்கி எடுக்காது, உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கும். மீதிக் குழம்பு அதே உப்பில்தான் இருக்கும். வெந்த பருப்பையோ வெந்நீரையோ சேர்த்துக் குழம்பைப் பெருக்குவதுதான் ஒரே வழி.

அடுப்பு

கேஸ் வாடை வந்தால் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள். லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வீட்டுக்கு வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள், கேஸ் கசிவுக்கான அவசர எண் அது. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, கடாயைத் தட்டால் மூடினால் அடங்கிவிடும்.

குக்கரை மூடுமுன் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஆவிக்குழாய் வழியாகப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் அடைப்பில்லை. பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதையும் நிரப்பாதீர்கள், அரிசி பருப்பு என்றால் பாதியோடு நிறுத்துங்கள்.

இரண்டாம் நாளே நான் ஒரு காரியம் செய்தேன். அடுக்குப் பாத்திரத்தில் அரிசியும் தண்ணீரும் வைத்தேன், குக்கரின் அடியில் தண்ணீர் ஊற்ற மறந்தேன். விசில் வரவில்லை, கருகல் வாடைதான் வந்தது. அப்புறம் புஸ்ஸென்று சேஃப்டி வால்வ் போயிற்று. அந்த வால்வுக்குள் இருக்கும் உலோகம் சூடு மீறினால் உருகி வழிவிடும், அதனால்தான் குக்கர் வெடிக்கவில்லை. வால்வும் கேஸ்கட்டும் புதிதாக வாங்கினேன். அன்றிலிருந்து அடித்தண்ணீர் ஊற்றாமல் அரிசி டப்பாவையே திறப்பதில்லை.

முதல் வாரம்: சோறும் பருப்பும் மட்டும்

முதல் வாரம் வேறு எதையும் தொடாதீர்கள். சோறு ஒழுங்காக வந்துவிட்டால் மோர், ஊறுகாய், கடையில் வாங்கிய பொடி என்று எதை வைத்தாவது ஒரு வேளை ஓடிவிடும்.

இரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு ஒரு ஆழாக்கு அரிசி. நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் என்றால் ஒன்றேகால். புழுங்கல் பொன்னியானால் மூன்று தரம் களைந்து அரை மணி ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று தண்ணீர், மிதமான தீயில் நான்கு விசில். பச்சரிசியானால் ஒன்றுக்கு இரண்டரை, மூன்று விசில். அணைத்ததும் வெயிட்டைத் தூக்காதீர்கள், ஆவி தானாக அடங்கட்டும். அந்தப் பத்து நிமிடத்திலும் சோறு வெந்துகொண்டுதான் இருக்கும்.

இதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புது அரிசி குறைவாகத் தண்ணீர் குடிக்கும், குழையும். பழைய அரிசி கூடுதலாகக் குடிக்கும். அரிசி மூட்டை மாறினால் முதல் நாள் சோறு ஒரு மாதிரிதான் இருக்கும், இரண்டாம் நாள் கால் ஆழாக்கு கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளலாம். மளிகைக் கடையில் "பழசா புதுசா" என்று கேட்டு வாங்குங்கள். கேட்டதுமே கடைக்காரர் உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

வடித்த சோறும் ஒரு தரமாவது கற்றுக்கொள்ளுங்கள். ஆறேழு ஆழாக்கு தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஊறிய அரிசியைப் போட்டு, பதினைந்து நிமிடத்துக்கு அப்புறம் ஒரு பருக்கையை எடுத்து இரு விரலில் நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் வேண்டும், புள்ளியில்லாமல் மசிந்தால் உடனே வடிக்கலாம். வடிதட்டைப் போட்டு, துணி பிடித்து, ஆவி உங்களுக்கு எதிர்ப்பக்கம் போகிற மாதிரி சாயுங்கள். சமையலில் அதிகம் கை சுடுவது இந்த இடத்தில்தான். கஞ்சியைக் கொட்டிவிடாமல் உப்பும் மோரும் விட்டுக் குடியுங்கள்.

பருப்புக்கு வருவோம். துவரம்பருப்பு இரண்டு பேருக்கு ஒரு சின்னக் கைப்பிடி, 50 கிராம் வரும். அரை மணி ஊறவைத்து, மூன்று பங்கு தண்ணீர், கால் ஸ்பூன் மஞ்சள்தூள், இரண்டு சொட்டு நல்லெண்ணெய், துளி பெருங்காயம், ஐந்து விசில். எண்ணெய் விட்டால் நுரை பொங்கி விசிலை அடைக்காது. உப்பு வெந்த பிறகுதான்.

பருப்பு வேகவே மாட்டேன் என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று தண்ணீர். கடலோரம் என்பதால் நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் போர் தண்ணீர் கடினமாக, உப்புக் கரிக்கும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடும். பருப்புக்கு மட்டும் குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று புளி. வேலை மிச்சம் என்று புளிக்கரைசலையும் பருப்போடு குக்கரில் ஊற்றினேன் ஒரு நாள். எட்டு விசில் போயும் பருப்பு பாசிமணி மாதிரி உருண்டு கிடந்தது. புளிப்பு ஏறினால் பருப்பும் மசியாது, காயும் வேகாது. "வேகவேண்டியது வெந்ததற்கு அப்புறம்தான் புளி" என்று நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தேன். நம் குழம்புகளில் பாதி இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

இரண்டாம் வாரம்: தாளிப்பு, கீரை, ரசம்

தாளிக்கும்போது புதியவர்கள் பயந்து, எண்ணெய் காயுமுன்னே கடுகைப் போட்டுவிடுவார்கள். கடுகு ஊறி, வெடிக்காமல், கசந்துபோகும். கரண்டி ஈரமில்லாமல் இருக்கட்டும், எண்ணெய் காயட்டும். ஒரே ஒரு கடுகை போட்டுப் பாருங்கள். அது உடனே மேலே வந்து வெடித்தால் மீதியைப் போடலாம். வெடிப்பு அடங்கும்போது உளுத்தம்பருப்பு, அது சிவக்கும்போது காய்ந்த மிளகாய், தீயை அணைத்தபின் பெருங்காயமும் கறிவேப்பிலையும். அடுத்த கரண்டி தாளிக்கும்போது இந்த வரிசை தானாக வரும்.

இத்தனை வரிசையையும் ஒரே உருண்டையில் அடக்கி வைத்திருப்பது கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கத்தில் நாம் போடுகிற தாளிப்பு வடகம். சித்திரை வைகாசி வெயிலில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு கலந்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டிக் காயவைப்பார்கள். பகலில் வெயில், ராத்திரி மூடிவைப்பு, மறுநாள் மறுபடி பிசைந்து உருட்டல். நாளாக நாளாக உருண்டை கறுக்கும், தெருமுனை வரை மணக்கும். புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குப் போய் அங்கே 'வாதுவான்' என்ற பெயரில் மசாலாவாக விற்கிறார்களே, அதன் மூலம் நம் மொட்டைமாடி முறம்தான்.

புதிதாகக் கற்கிறவருக்கு இது வரப்பிரசாதம். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், சுண்டைக்காய் அளவு உதிர்த்த வடகம், சிறு தீ. முதலில் நுரைக்கும், அப்புறம் வெங்காயத் துணுக்குகள் பழுப்பாகும், அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். இன்னும் பத்து எண்ணுவதற்குள் கருகிக் கசக்கும்.

அதைப் பழகச் சரியான இடம் கீரை. ஒரு கட்டு அரைக்கீரை அல்லது சிறுகீரை. நறுக்குமுன் அலசுங்கள். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விட்டு, கீரையை மேலாக அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரையிலேயே ஒட்டும். மூன்றாவது தண்ணீரில் விரலால் அடியைத் தடவினால் நெருடக் கூடாது. நான்கு பூண்டுப் பல், ஆறு சின்ன வெங்காயம், இரண்டு பச்சைமிளகாயோடு ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடாமல் எட்டு நிமிடம். மலைபோல் இருந்த கீரை கைப்பிடியாகச் சுருங்கும், அதற்கு அப்புறம் கால் ஸ்பூன் உப்பு. முதலிலேயே மலையைப் பார்த்து உப்பு போட்டால் வாயில் வைக்க முடியாது. நான் போட்டேன், வைக்க முடியவில்லை. சட்டியில் மத்தால் கடைந்து, வடகத்தைத் தாளித்துக் கொட்டுங்கள். சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு அப்பா ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தரம் சோறு கேட்டார். அன்றைக்கு நான் தூங்கப் பதினொரு மணியானது.

ரசத்தில் ஒரே சூட்சுமம்தான். நெல்லிக்காய் அளவு புளியை இரண்டரை ஆழாக்கு தண்ணீரில் கரைத்து, ஒரு பழுத்த தக்காளியைப் பிசைந்து விட்டு, மஞ்சள், அரை ஸ்பூன் உப்பு போட்டுப் பச்சை வாடை போகக் கொதிக்கவிடுங்கள். மிளகு, சீரகம் அரை அரை ஸ்பூன், மூன்று பல் பூண்டு இடித்துப் போட்டு, கொஞ்சம் பருப்புத்தண்ணீர் சேருங்கள். இனிக் கொதிக்கக் கூடாது. ஓரங்களில் நுரை கூடி நடுவுக்கு வரும்போது அணைத்து, கொத்தமல்லி கிள்ளிப்போட்டு, தாளித்து மூடிவிடுங்கள்.

மூன்றாம் வாரம்: குழம்பு

சாம்பார், புளிக்குழம்பு இரண்டு போதும். சாம்பாருக்குக் காயை மஞ்சளும் உப்பும் போட்டுத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவையுங்கள். நெல்லிக்காய் அளவு புளியின் கரைசலும் ஒன்றரை ஸ்பூன் குழம்பு மிளகாய்த்தூளும் சேர்த்து ஏழெட்டு நிமிடம். மூக்கை வைத்துப் பாருங்கள்: தூளின் நெடி போய்க் குழம்பின் மணம் வரும் இடம் ஒன்று உண்டு, அதை மூக்குதான் சொல்லும், கடிகாரம் சொல்லாது. அப்புறம் மசித்த பருப்பு, மூன்று நிமிடம், தாளிப்பு. ஆனி வரை பண்ணுருட்டிப் பலாக்கொட்டை மலிவாகக் கிடைக்கும். மேல்தோலை உரித்து, குக்கரில் தனியாக வேகவைத்து, மாங்காய்த் துண்டோடு சாம்பாரில் போட்டுப் பாருங்கள்.

தூளை அம்மா மிஷினில் அரைத்து வந்ததிலிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுத் தூளிலும் மிளகாய்க்கும் தனியாவுக்கும் உள்ள பங்கு மாறும். ஒரே ஒன்றரை ஸ்பூன் ஒரு வீட்டில் சப்பென்றும் இன்னொரு வீட்டில் கண்ணில் தண்ணீர் வரவும் இருக்கும்.

புளிக்குழம்பில் பருப்பு இல்லை, எண்ணெய் கூடுதல். வெங்காயம், பூண்டு, கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, காய் பாதிக்கு மேல் மசிந்தபின் புளி, தூள். சுண்டி ஓரத்தில் எண்ணெய் பிரிந்தால் முடிந்தது. பொரியலுக்குத் தனிப் பாடம் வேண்டாம்; தாளித்து, காயைப் போட்டு, தண்ணீர் தெளித்து மூடி, வெந்ததும் தேங்காய். காயை எல்லாம் ஒரே அளவில் நறுக்கினால் போதும், பாதி வெந்து பாதி வேகாமல் இருப்பதற்குக் காரணம் தீ இல்லை, கத்தி.

காய் வாங்கவும் இந்த வாரமே பழகுங்கள். கடலூர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய் விடுங்கள், விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு நல்லது. புதுச்சேரியில் பெரிய மார்க்கெட். கால் கிலோ கேட்க வெட்கப்படாதீர்கள். முதல் தரம் அம்மா பழக்கத்தில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கிவிட்டு ஐந்து நாள் கத்தரிக்காயே சாப்பிட்டோம்.

நான்காம் வாரம்: டிபன்

மாவு அரைக்கக் கல்யாணத்துக்கு முன் கற்க வேண்டாம் என்பது என் கட்சி. கடை மாவில் தோசை ஊற்றப் பழகுங்கள், கிரைண்டர் வரும்போது மாவும் வரும். கல் காய்ந்ததும் தண்ணீர் தெளியுங்கள். துளிகள் உருண்டு ஓடினால் சூடு அதிகம், தீயைக் குறைத்து ஊற்றுங்கள்.

உப்புமா: ஒரு ஆழாக்கு வறுத்த ரவைக்கு இரண்டரை தண்ணீர். தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது ஒரு கையால் ரவையை மழை மாதிரி தூவி, மறு கையால் கிளறினால் கட்டி தட்டாது. தேங்காய்ச் சட்னி நம் ஊர் வெயிலில் மத்தியானத்துக்குள் ஊசிப்போகும், இரண்டு பேருக்கு இரண்டு கை தேங்காய்த் துருவலுக்கு மேல் அரைக்காதீர்கள்.

ஐந்தாம் வாரம்: மீன்

கடலூரில் இருந்துகொண்டு மீன் குழம்பு வைக்கத் தெரியாமல் கல்யாணம் செய்தால் ஊரே பேசும். சைவ வீடானால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, விலை ஏறும், வருவதும் குறைவு. ஜூன் பாதிக்கு அப்புறம், அதாவது ஆனி பிறந்ததும், நல்ல மீன் வரும். முதல் குழம்புக்குச் சங்கரா எடுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும், கண் பளிச்சென்று துருத்தியிருக்க வேண்டும், விரலால் அழுத்திய பள்ளம் உடனே மேலே வர வேண்டும். "அக்கா, குழம்புக்கு, ரெண்டு பேருக்கு" என்று சொல்லிவிட்டால் மீன்காரம்மாவே செதில் எடுத்து, ஆய்ந்து, துண்டு போட்டுத் தருவார். அரைக் கிலோ போதும்.

இரண்டு குழிக்கரண்டி நல்லெண்ணெயில் வடகம். பத்து சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, சின்ன எலுமிச்சை அளவு புளி, இரண்டு ஸ்பூன் குழம்புத்தூள், உப்பு. பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதித்து எண்ணெய் மிதந்ததும் மாங்காய்த் துண்டு நாலு, அது பாதி வெந்ததும் மீன், சிறு தீயில் ஆறு நிமிடம். மீன் போட்டபின் கரண்டி விடக் கூடாது. சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுழற்றுங்கள், குழம்பு தானாக மேலும் கீழும் கலக்கும். நான் கரண்டி விட்டேன். அன்று சாப்பிட்டது மீன் குழம்பா, முள் குழம்பா என்று தங்கை இன்றுவரை கேட்கிறாள்.

முட்டைக்கும் இதே குழம்புதான். பத்து நிமிடம் அவித்து, உரித்து, கீறிப்போடுங்கள்.

ஆறாம் வாரம்: தனியாக

வீட்டில் எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்கு வெளியே நிறுத்திவிட்டு, சோறு, சாம்பார், ரசம், பொரியல் நான்கையும் தனியாகச் செய்யுங்கள். தனித்தனியாக எல்லாம் வரும், சேர்த்துச் செய்யும்போதுதான் ஒன்று ஆறி ஒன்று கருகும். இரண்டு அடுப்புக்கு எனக்குச் சரிப்பட்ட வரிசை: முதலில் அரிசி, பருப்பு, புளி மூன்றையும் ஊறப்போடுங்கள். ஊறுகிற அரை மணியில் காய் நறுக்குவது முழுவதும் முடிய வேண்டும். அப்புறம் ஒரு அடுப்பில் குக்கர், கீழடுக்கில் பருப்பு, மேலடுக்கில் அரிசி. பக்கத்து அடுப்பில் சாம்பார்க் காய் வேகட்டும். குக்கர் இறங்கியதும் அந்த அடுப்பில் பொரியல். சாம்பார் முடிந்த அடுப்பில் கடைசியாக ரசம், ஏனென்றால் அதுதான் ஆறக் கூடாது. தாளிப்பை எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டியில் சேர்த்துச் செய்து பங்கிடலாம். எனக்கு முதல் தரம் இரண்டு மணி நேரம் ஆயிற்று, மூன்றாம் தரம் ஒன்றேகால்.

இந்த வாரத்திலேயே கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் போனில் கொஞ்சம் விசாரியுங்கள். உங்கள் வீட்டு ருசி அவர்கள் வீட்டு ருசி இல்லை. சாம்பாரில் வெல்லம் போடுவார்களா, குழம்பு நீர்க்க வேண்டுமா கெட்டியாக வேண்டுமா, எந்தக் காயைக் கண்டால் ஆகாது. என் கேள்விகளுக்கு வந்த பதில்: "எல்லாம் சாப்பிடுவேன், பாகற்காய் தவிர. ரசத்துல பூண்டு நிறைய போடுங்க. நீங்களா செய்யறீங்க?" அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

அவருக்கும் இதே வாரங்களில் அங்கே வேறு நாலு பதார்த்தம் கற்றுக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. நான் குழம்பும் மீனும், அவள் சப்பாத்தியும் குருமாவும் என்று பேசாமலே அமைந்தது.

கொண்டுபோக வேண்டியவை

ஒரு மாதத்துக்கு இரண்டு பேருக்கு, வாரநாள் மத்தியானம் கேன்டீன் என்றால்: அரிசி 6 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, உளுந்து அரைக் கிலோ, புளி கால் கிலோ, ரவை 1 கிலோ, கடலை எண்ணெய் 1 லிட்டர், நல்லெண்ணெய் அரை லிட்டர். கடுகு, மிளகு, சீரகம், வெந்தயம் ஒவ்வொன்றும் 100 கிராம். இதற்கு மேல் வாங்கினால் கடற்கரை ஈரத்தில் வண்டு வைக்கும். ரவையையும் பருப்பையும் லேசாக வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டால் தாங்கும்.

அம்மா வீட்டிலிருந்து எடுத்துப்போக வேண்டியது மூன்று: அளவு எழுதிய நோட்டு, குழம்புத்தூள் அரைக் கிலோ, வடகம் ஒரு பாட்டில். வடகத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் போட்டால் அந்த டப்பா அதற்கு அப்புறம் வேறு எதற்கும் ஆகாது. ஈரக் கை, ஈரக் கரண்டி பட்டால் பூசணம் பிடிக்கும். மாதம் ஒரு தரம் முறத்தில் கொட்டி வெயிலில் வையுங்கள். எங்கள் பாட்டில் தை மாதத்துக்குள் காலியாகிவிட்டது. அடுத்த சித்திரை வரை கடுகும் உளுத்தம்பருப்பும்தான்.